மலைமேல் முடிந்த வழக்கு

என் கண்ணுக்கு,

பெட்டிக்குப் பூட்டு வாங்கி வருகிறேன் என்று நீ கடைத்தெருவுக்குப் போயிருக்கிறாய். சீக்கிரம் திரும்ப மாட்டாய். வழியில் ஆளாளுக்கு உன்னை நிறுத்தி, "முன்சீப் சார்" என்று கூப்பிட்டுப் பார்ப்பார்கள். அதற்குள் இதை எழுதி, பெட்டியில் மடித்து வைத்திருக்கும் உன் கறுப்புக் கோட்டுக்கு அடியில் வைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். நேரில் சொல்லலாம்தான். ஆனால் நான் இரண்டு வாக்கியம் சொல்வதற்குள் நீ ஏதாவது சட்டப் பிரிவின் எண்ணைச் சொல்லி என்னைத் திருத்துவாய். பள்ளிக்கூடத்தில் இத்தனை காலம் பிள்ளைகளைத் திருத்திய எனக்கு அது பிடிக்காது. காகிதத்தில் எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது.

காலையிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "சந்தோசமா டீச்சரம்மா?" ஆங், சந்தோஷம்தான் என்கிறேன். பொய் சொல்லவில்லை. ஆனால் நீதிபதி வேலைக்கு உத்தரவு வந்த அன்று நீ என் காலில் விழுந்து எழுந்தபோது, என் முகத்தில் இருக்க வேண்டிய ஏதோ ஒன்று இல்லை என்று கண்டுபிடித்துவிட்டாய். "இன்னாம்மா, ஒண்ணுமே சொல்ல மாட்டேன்ற?" என்று கேட்டாய். அடுப்பில் பால் இருக்கிறது என்று உள்ளே போய்விட்டேன். பால் எல்லாம் இல்லை. கோர்ட் என்ற சொல் காதில் விழுந்தால், வெகுநேரம் மடக்கி உட்கார்ந்த கால் மாதிரி எனக்குள் ஒரு பக்கம் மரத்துப் போகிறது. வலி கிடையாது, அழுகையும் கிடையாது. இத்தனை வருஷமாக உதறிப் பார்க்கிறேன், உணர்ச்சி திரும்பவில்லை.

நிலம் கேஸில் போய்விட்டது என்ற அளவுக்கு உனக்குத் தெரியும். ஊரில் பேசுவதும் உன் காதில் விழுந்திருக்கும். "ஒரு கட்டி கற்பூரத்துக்குக் கழனிய உட்டவங்க" என்று என்னைச் சொல்வார்கள். அதுவும் சரிதான். ஆனால் அது எப்படி நடந்தது என்று உனக்கு யாரும் முழுதாகச் சொன்னதில்லை. அடுத்தவர் நிலத்தை முடிவு செய்யப் போகிறவன், தன் நிலம் போன கதையைத் தெரிந்துகொண்டு போவது நல்லது.

உன் அப்பா அரக்கோணத்தில் ரயில்வேயில் ஃபிட்டராக இருந்தார். கனகம்மாசத்திரம் போகும் வழியில் இருக்கிற நம் ஊர்க் கழனியையும் கிணற்றையும் அவருடைய அண்ணன் பார்த்துக்கொண்டார். உனக்குப் பெரியநைனா, எனக்குப் பாவா. அறுவடை முடிந்ததும் நெல்லும் வேர்க்கடலையுமாக ஒரு வண்டி நம் குவார்ட்டர்ஸ் வாசலுக்கு வரும். பாவாவே ஓட்டி வருவார். வந்ததும் உன்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொள்வார். அப்புறம்தான் தண்ணீர் குடிப்பார். உன் அப்பா காய்ச்சலில் போனபோது நீ சரியாகப் பேச ஆரம்பிக்கவில்லை. அந்த வருஷமும் வண்டி வந்தது. மறு வருஷம் வரவில்லை. நான் ஊருக்குப் போய்க் கேட்டேன். பாவா கிணற்று மேட்டில் நின்றுகொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "அவன் பாகத்த ரயில்வேக்குப் போம்போதே நகையாவும் ரொக்கமாவும் எடுத்துகினான்மா. எங்க நைனா இருக்கும்போதே பிரிச்சாச்சு. உனுக்கு அவன் சொல்லல போலக்கீது."

உன் அப்பா எனக்கு அப்படி எதுவும் சொன்னதில்லை. ஆனால் உன் அப்பா எனக்கு எல்லாவற்றையும் சொல்லுகிற ஆளும் இல்லை. அதை அப்போது நான் யாரிடமும் ஒப்புக்கொள்ளவில்லை. என் தம்பி, உன் மாமா, என்னை வக்கீலிடம் அழைத்துப் போனான். நீ மைனர் என்பதால் உன் பெயரில், உன் சார்பாக நான் என்று வழக்குப் போட்டோம். பாதி நிலமும் கிணற்றில் பாதி முறையும் உனக்கு வேண்டும் என்பதுதான் வழக்கு. அது கிடைத்தால் நீ படிக்கலாம், நான் யார் வீட்டிலும் ஒண்டிக்கொண்டு இருக்க வேண்டாம். கிடைக்காவிட்டால் நமக்கு உட்கார இடமில்லை. அவ்வளவுதான் என் பக்கம்.

எந்த ஊர்க் கோர்ட் என்று எழுதப் போவதில்லை. நாளைக்கு நீயே அங்கே மாற்றலாகிப் போகலாம். அங்கே இருந்தவர்கள் யார் மேலும் எனக்குக் கோபமும் இல்லை. பஸ்ஸில் போக வேண்டும். பத்தரைக்கு அங்கே இருக்க வேண்டும் என்று எல்லோருக்கும் சொல்லியிருப்பார்கள். அறுபது எழுபது பேர் காத்திருப்போம். டவாலி போட்ட சேவகர் வராந்தாவுக்கு வந்து பெயர்களைக் கூப்பிடுவார். கூப்பிட்டவர்களில் பெரும்பாலோருக்கு ஒரு நிமிஷம்தான். மறு வாய்தா, போ. அந்த ஒரு நிமிஷத்துக்காக ஒரு நாள் கூலியை விட்டு வந்தவர்கள், கடன் வாங்கி வந்தவர்கள், கைப்பிள்ளையோடு வந்தவர்கள் எல்லோரும் சாயங்காலம் வரை இருந்துவிட்டுப் போவார்கள். பெண்களுக்கு ஒதுங்க ஓர் இடம் கிடையாது. அதனால் காலையிலிருந்து நான் தண்ணீர் குடிக்க மாட்டேன். நியாயம் கேட்கப் போகிறவள் முதலில் கற்றுக்கொண்டது தாகத்தை அடக்குவது. நீ போகிற இடத்தில் கட்டடத்தை மாற்ற உனக்கு அதிகாரம் இருக்காது. ஆனால் அன்றைக்கு விசாரிக்க முடிகிற வழக்குக்கு மட்டும் ஆட்களை வரச் சொல்ல முடியும் அல்லவா? மற்றவர்களை அவர்கள் வேலையைப் பார்க்க விடு. ஒரு கக்கூஸுக்கு எழுதிப் போடு. மேலே இருப்பவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும்.

வழக்கு ஏன் நகரவில்லை என்று நீ கேட்பாய். காரணங்கள் ஒவ்வொன்றும் நியாயமாகத்தான் இருந்தன. நம் தாலுகா ஆந்திராவில் இருந்த காலத்து வரி ரசீதுகளும் கணக்குகளும் தெலுங்கில் இருந்தன. யார் பெயரில் யார் வரி கட்டினார்கள் என்று அவற்றைப் பார்த்தால் தெரியும் என்றார் நம் வக்கீல். சில காகிதங்கள் பழைய ஜில்லாவிலிருந்து வர வேண்டும். அவை வந்தபோது, முன்பு இருந்த முன்சீப் மாற்றலாகி, தெற்கே இருந்து ஒருவர் வந்திருந்தார். அவருக்குத் தெலுங்கு தெரியாது. கோர்ட்டில் மொழிபெயர்க்கிறவரின் இடம் காலியாக இருந்தது. வராந்தாவில் காத்திருந்த எல்லோருக்கும் தெலுங்கு தெரியும், என்னையும் சேர்த்து. ஆனால் நாங்கள் படித்துச் சொன்னால் செல்லாது. ஆகவே வாய்தா. ஒரு தடவை என்னைக் கூண்டில் ஏற்றி விசாரித்தார்கள். நான் தமிழிலும், அவசரத்தில் தெலுங்கிலும் சொன்னதை முன்சீப் இங்கிலீஷில் எழுதிக்கொண்டார். படித்துக் காட்டப்பட்டது, சரி என்று ஒப்புக்கொண்டார் என்று கீழே ஒரு வரி இருந்ததாம். யாரும் படித்துக் காட்டவில்லை. நான் கையெழுத்துப் போட்டேன். அந்த முன்சீப்பும் பாதியில் மாற்றலாகிப் போனார். என் முகத்தைப் பார்த்துக் கேட்டவர் ஒருவர், எழுதியதைப் படிக்கப் போகிறவர் இன்னொருவர். நீ ஒரு வழக்கைக் கேட்க ஆரம்பித்தால் முடித்துவிட்டுப் போ, கண்ணு. முடியாவிட்டால் குறைந்தது அவர்கள் சொன்னதை அவர்கள் பாஷையில் திருப்பிச் சொல்லிக் காட்டு.

ஒன்று சொன்னால் சிரிப்பாய். பாவாவும் அதே பஸ்ஸில்தான் வருவார். அவருக்கும் தண்ணீர் பாய்ச்சுகிற நாள் போகும், அவருக்கும் வாய்தாதான். பல நாள் எனக்கும் சேர்த்து அவரே டிக்கெட் எடுப்பார். உனக்கு பன்னும் டீயும் வாங்கிக் கொடுப்பார். நீ அவர் மடியில் உட்கார்ந்து டீயில் பன்னைத் தோய்த்துத் தின்பாய். வாதியும் பிரதிவாதியும் அப்படி உட்கார்ந்திருப்பதைப் பார்த்து வக்கீல் குமாஸ்தா தலையில் அடித்துக்கொள்வார்.

அந்த நாள் எது என்று எனக்கு நினைவில்லை. வெயில் காலம் என்பது மட்டும் தெரியும். காலையில் கூப்பிட்டு, மொழிபெயர்ப்பு வரவில்லை என்று மறுபடியும் தள்ளிப் போட்டார்கள். நீ வராந்தாவில் ஒரு பேப்பர் மேல் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாய். உன்னைத் தாண்டித் தாண்டி ஆட்கள் போனார்கள். ஒருவர் செருப்பு உன் கையில் பட்டது. நீ எழுந்திருக்கக்கூட இல்லை, அவ்வளவு பழகிவிட்டிருந்தாய். எனக்கு என்ன வந்ததோ தெரியாது. படியில் நின்றிருந்த பாவாவிடம் போய், எல்லோருக்கும் கேட்கிற மாதிரிக் கத்தினேன். "எதுக்குப் பாவா இந்தக் கோர்ட்டு? வாங்க, மலைக்குப் போலாம். தணிகாசல முருகன் முன்னாடி கற்பூரத்த அணைச்சு, தம்பி பாகம் எடுத்துகினான்னு சொல்லுங்க. நான் எல்லாத்தையும் உட்டுட்டு எம்புள்ளய இட்டுகினு போய்டறேன்."

நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்றால், அவர் அணைக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். தெரியும் என்று நினைத்தேன். எனக்குக் கல்யாணமான புதிதில் டீசல் பம்புசெட் பெல்ட் ஒன்று காணாமல் போனது. வேலைக்காரர் ஒருவர் மேல் சந்தேகம் வந்தது. அவர் அழுதுகொண்டு, கற்பூரம் கொண்டு வாங்க, அணைச்சு சத்தியம் பண்றேன் என்றார். பாவாவுக்கு வந்த கோபத்தை நீ பார்த்திருக்க வேண்டும். "என் வாசல்ல எவனும் கற்பூரம் அணைக்கக் கூடாது! நிஜம் சொல்லி அணைச்சாலும் ஆவாது, பொய் சொல்லி அணைச்சாலும் ஆவாது. அது வம்சத்தக் கேக்கும்" என்று கத்திவிட்டு, அன்றைக்கே வேறு பெல்ட் வாங்கி வந்தார். ஆடிக் கிருத்திகைக்கு வருஷம் தவறாமல் காவடி எடுக்கிறவர். விரத நாளில் எச்சில் முழுங்கக்கூட யோசிக்கிறவர். அந்தப் பயத்தைத்தான் நான் என் சாட்சியாக வைத்துக்கொண்டேன். காகிதத்தில் இல்லாத சாட்சி, மொழிபெயர்க்க வேண்டாத சாட்சி. கோர்ட்டுக்கு வெளியே நம் ஊரில் எத்தனையோ சண்டை அப்படித்தான் தீர்ந்தது. கற்பூரம் ஏற்றுவதற்கு முன்பே ஒரு ஆள் பின்வாங்கிவிடுவான். அணைக்கிறவரைக்கும் போனதாக நான் கேள்விப்பட்டதே இல்லை.

நான் கோபத்தில் கத்தியதைப் பாவாவின் வக்கீல் கேட்டுக்கொண்டிருந்தார். மத்தியானச் சாப்பாடு முடிந்து கோர்ட் கூடுவதற்குள் அது ஒரு மனுவாகிவிட்டது. ஒரு கட்சிக்காரர் செய்யும் சத்தியத்துக்கு எதிர்க்கட்சி கட்டுப்படுவதாகச் சொன்னால், அந்தச் சத்தியமே முடிவான சாட்சி என்று அப்போது சட்டத்தில் இடம் இருந்தது. அது உனக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. வராந்தாவில் கத்தினால் கத்தல்தான் என்று நினைத்திருந்தேன். நம் வக்கீல் என்னிடம் வந்து, "இங்க பாரும்மா, நீயே சொல்லிட்ட. சீக்கிரம் முடிஞ்சிரும். அந்த ஆள் பயந்தவன், பின்வாங்கிட்டா நாம ஜெயிச்ச மாதிரி" என்றார். அவர் நல்லவர்தான். களைத்துப் போயிருந்தார். எல்லோரும் களைத்துப் போயிருந்தோம்.

கோர்ட்டுக்குள் எங்களைக் கூப்பிட்டார்கள். முன்சீப் மனுவைப் பார்த்துக்கொண்டே, தலை நிமிராமல், "சம்மதமா?" என்று கேட்டார். "சம்மதம்ங்க" என்றேன். பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார். மைனர் பெயரில் உள்ள வழக்கு என்பதால் அவர் தனியாக அனுமதி தர வேண்டும் என்பதும், அது மைனருக்கு நன்மை என்று அவர் யோசித்துப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்பதும், பல வருஷம் கழித்து நீ சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அந்த மைனர் அப்போது வராந்தாவில் தூங்கிக்கொண்டிருந்தான். மூச்சு விடுகிற நேரம்கூட ஆகவில்லை. அடுத்த வழக்கைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

மலைக்குப் போன அன்று காலை மழை தூறியது. கோர்ட் ஒரு இளம் வக்கீலைக் கமிஷனராக அனுப்பியிருந்தது. சத்தியம் சொன்னபடி நடந்ததா என்று பார்த்து எழுதித் தருவது அவர் வேலை. பாவா சரவணப் பொய்கையில் முழுகிவிட்டு ஈர வேட்டியோடு படி ஏறினார். நான் உன்னைக் கையைப் பிடித்து ஏற்றிக்கொண்டு பின்னால் போனேன். ஒவ்வொரு மண்டபத்திலும் அவர் நின்றார். நின்றபோதெல்லாம், இதோ திரும்பப் போகிறார் என்று நினைத்தேன். ஒரு இடத்தில் திரும்பியும் பார்த்தார். நான் வாயைத் திறந்து, வேண்டாம் பாவா, வாங்க இறங்கிடலாம் என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. அவர் பின்வாங்க வேண்டும் என்று நான் காத்திருந்தேன். நான் வேண்டாம் என்று சொல்ல வேண்டும் என்று அவர் காத்திருந்தாரோ என்னவோ. இரண்டு பேரும் மேலே போய்ச் சேர்ந்துவிட்டோம்.

சந்நிதிக்குள் இதெல்லாம் கூடாது என்று குருக்கள் சொல்லிவிட்டதால், கொடிமரத்துக்குப் பக்கத்தில் ஒரு தட்டில் கற்பூரத்தை ஏற்றினார்கள். கமிஷனர் ஒரு காகிதத்தைப் பார்த்து வாக்கியத்தைச் சொன்னார். பாவா அதைத் திருப்பிச் சொன்னார். "என் தம்பி தன் பாகத்துக்கு ஈடாக நகையும் ரொக்கமும் பெற்றுக்கொண்டான்" என்று, அவர் வாயில் ஒரு நாளும் வராத சுத்தமான தமிழில் சொன்னார். உள்ளங்கையைக் கவிழ்த்து அழுத்தினார். கை சுட்டதா என்று அவர் முகத்தில் தெரியவில்லை. புகை வந்தது. கமிஷனர் குடை பிடித்துக்கொண்டு எழுதினார். அவ்வளவுதான் கண்ணு, வழக்கு முடிந்துவிட்டது. எனக்கு அழுகை வரவில்லை. மழை வலுப்பதற்குள் இறங்க வேண்டுமே என்று நினைத்தேன். அதை நினைத்ததுகூட நன்றாக ஞாபகம் இருக்கிறது.

இறங்கும்போது கால் வலிக்கிறது என்று நீ பாதியில் உட்கார்ந்துகொண்டாய். முன்னால் போன பாவா திரும்பி வந்தார். உன்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். நீ அவர் தலைமயிரைப் பிடித்துக்கொண்டு, "பெரியநைனா, வண்டி எப்போ வரும்?" என்று கேட்டாய். அடிவாரம் வரைக்கும் உன்னைச் சுமந்து வந்து, பஸ் நிற்கும் இடத்தில் இறக்கிவிட்டுப் போனார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவர் தோளிலிருந்து உன்னைப் பிடுங்கியிருக்க வேண்டும் என்று உன் மாமா சாகிற வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தான். எனக்கு அது தோன்றவே இல்லை. அன்றிலிருந்துதான் இந்த மரத்துப் போன பக்கம் எனக்கு ஆரம்பித்தது என்று நினைக்கிறேன்.

அதற்கப்புறம் நடந்தது உனக்குத் தெரியும். மாமா வீட்டில் இருந்துகொண்டு டீச்சர் டிரெய்னிங் படித்தேன், வேலை கிடைத்தது, உன்னைப் படிக்க வைத்தேன். ஊர் என்ன செய்தது என்பதை மட்டும் சொல்கிறேன். ஊர் காத்திருந்தது. கற்பூரம் அணைத்தவன் வீட்டில் என்ன நடக்கும் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச காலம் ஒன்றும் நடக்கவில்லை. கரும்பு நன்றாக வந்தது, கிணற்றில் கரண்ட் மோட்டார் போட்டார். அப்போது, "பாத்தியா, நெஜத்தச் சொல்லித்தான் அணைச்சிருக்கான், இவதான் பொய்க் கேஸ் போட்டா" என்றார்கள். அப்புறம் அவருடைய பெரிய பையனுக்குக் கரும்பு ஆலையில் வலது கை போய்விட்டது. அதே வாய்கள், "பாத்தியா, அணைச்ச கைய முருகன் கேட்டுட்டான்" என்றன. எனக்கு நல்ல செய்தி சொல்வதாக நினைத்து வீடு தேடி வந்து சொன்னார்கள். கரும்பு ஆலையில் கை போனவர்கள் இந்தப் பக்கம் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்கள் அப்பாக்கள் எல்லோரும் கற்பூரம் அணைத்தவர்களா? அந்தப் பிள்ளைக்கும் என் வழக்குக்கும் என்ன சம்பந்தம்? நான் கேட்டது பாதிக் கழனி. எவன் கையையும் கேட்கவில்லை. மலைமேல் இருக்கிற முருகனை நான் இன்னும் கும்பிடுகிறேன். ஆனால் பம்புசெட்டுக்கும் பாகத்துக்கும் அவரை முன்சீப்பாக உட்கார வைத்தது நாங்கள் செய்த தப்பு. தீர்ப்பை அவர் சொன்னாரா இல்லையா என்பதைக்கூட எங்களில் ஒருவருக்கும் படிக்கத் தெரியவில்லை.

நீ லா காலேஜில் சேர்ந்த வருஷம் லீவுக்கு வந்தபோது, செருப்பைக்கூடக் கழற்றாமல், "அம்மா, அந்தச் சட்டத்தையே எடுத்துட்டாங்கம்மா! நம்ம கேஸ் முடிஞ்சு கொஞ்ச காலத்துலயே எடுத்துட்டாங்க. இப்ப யாரையும் அப்படிக் கோயிலுக்கு அனுப்ப முடியாது" என்று சொன்னாய். ஏதோ நமக்கு நிலம் திரும்பி வந்த மாதிரி உன் முகம் இருந்தது. சரி, கை கால் கழுவிக்கொண்டு வா, சாப்பிடலாம் என்றேன். நீ அப்போது என்னைப் பார்த்த பார்வை எனக்குத் தெரியும். இவளுக்கு ஒன்றுமே உறைக்கவில்லை என்று நினைத்தாய். உறைத்தது. ஆனால் சட்டத்தை எடுத்தது போதும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஏன் என்று அப்போது எனக்குச் சொல்லத் தெரியவில்லை. போன வருஷம் பாவா படுக்கையில் விழுந்தபோதுதான் தெரிந்தது.

நான் அவரைப் பார்க்கப் போனேன், உன்னிடம் சொல்லவில்லை. ஆள் அடையாளமே தெரியாமல் இருந்தார். அவர் மனைவி, எனக்கு அக்கா முறை, கஞ்சி எடுத்து வர உள்ளே போனார். பாவா கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "என்னிய ஏம்மா மலைக்கு இட்டுகினு போனீங்க? கூண்டுல நிக்க வெச்சு நாலு கேள்வி கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். எந்த நகை, எவ்ளோ ரொக்கம், எந்த வருசம், யாரு கூட இருந்தாங்க, யாருமே கேக்கலியே. இதச் சொல்லு, அணைன்னாங்க. சொன்னேன், அணைச்சேன்." என்ன சொல்லியிருப்பீங்க பாவா என்று நான் கேட்டேன். அவர் உதடு அசைந்தது. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அக்கா கஞ்சியோடு வந்துவிட்டார். அடுத்த வாரம் அவர் போய்விட்டார் என்று தந்தி வந்தது. நீயும் வந்து தோள் கொடுத்தாய்.

ஆகவே, உன் பெரியநைனா பொய் சொன்னாரா என்று எனக்கு இன்றைக்கு வரைக்கும் தெரியாது. உன் அப்பா எனக்குத் தெரியாமல் வாங்கிக்கொண்டாரா என்றும் தெரியாது. ஒருவேளை வாங்கியிருக்கலாம். நிலம் போனதுகூடப் பரவாயில்லை, கண்ணு. பாவாவை வெறுக்கலாமா கூடாதா என்று தெரியாமலே நான் பாதி ஆயுளைக் கழித்துவிட்டேன். உன் அப்பாவை நினைத்து முழுசாக அழவும் முடியவில்லை. எனக்கு நிலத்தைக் கொடுத்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இல்லை என்றாவது, விசாரித்துவிட்டுச் சொல்லியிருக்கலாம். கோர்ட்டுக்கு நான் போனதே அதற்குத்தான். தோற்றிருந்தால்கூடத் தெரிந்திருக்கும்.

இப்போது மலைக்கு யாரையும் அனுப்ப முடியாது. சரி. ஆனால் நீ பயிற்சியில் இருந்தபோது சொன்னாயே, மாதத்துக்கு எத்தனை வழக்கை முடித்தாய் என்றுதான் மேலே கேட்பார்கள் என்று, அதைக் கேட்டதும் எனக்கு அந்த ஈரப் படிகள் ஞாபகம் வந்தன. ராஜி ஆகிவிடுங்கள், பேசி முடித்துக்கொள்ளுங்கள் என்று உன் எதிரில் நிற்கிறவர்களிடம் நீயும் சொல்லுவாய். சில வழக்குக்கு அதுதான் நல்லது. ஆனால் ராஜிக்கு வருகிறவர்கள் மனசு ஒத்து வருகிறார்களா, தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்து உட்கார்ந்து அலுத்து வருகிறார்களா என்று பார்த்துவிட்டுச் சொல். எங்களுக்கு வாய்தா கொடுத்துக் கொடுத்து அலுக்க வைத்தார்கள். அலுத்துப் போய் நான் கத்தியதும், ஒரே மத்தியானத்தில் முடித்துவிட்டார்கள். நீ அந்த இரண்டையும் செய்யாதே.

பூட்டோடு நீ வருகிற சத்தம் தெருமுனையில் கேட்கிறது. யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறாய். முடித்துவிடுகிறேன். அந்த முன்சீப் முகம் எனக்கு ஞாபகம் இல்லை. அவர் நிமிரவே இல்லை, எப்படி ஞாபகம் இருக்கும்? கெட்டவர் என்று யாரும் சொன்னதில்லை. சம்மதமா என்று கேட்டார், சம்மதம் என்றேன். இன்னும் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். "அவர் அணைச்சுட்டா நீ என்ன பண்ணுவேம்மா?" என்று. அணைக்க மாட்டாருங்க என்று சொல்லியிருப்பேன். "அது சரி, அணைச்சுட்டா?" என்று இரண்டாவது தடவை கேட்டிருந்தால், நான் திரும்பி வராந்தாவில் படுத்திருந்த உன்னைப் பார்த்திருப்பேன். பார்த்திருந்தால் சம்மதம் என்ற சொல் என் வாயில் வந்திருக்காது.

உன் எதிரிலும் ஒருத்தி வந்து நிற்பாள். என்ன மனுவாக இருந்தாலும் சரி, அவள் உடனே சம்மதம் என்பாள். நிமிர்ந்து பார். அந்த இரண்டாவது கேள்வியைக் கேள். அவள் பதில் சொல்கிற வரைக்கும் பேனாவைத் திறக்காதே.

உன் அம்மா